பதினாறு பித்தளைக் கம்பி

மாட்டேன் டீச்சர், பேனாவை உள்ள வைங்க. கையெழுத்து போட மாட்டேன்னு போன்லயே சொன்னேன். அதுக்கப்புறமும் ரெண்டு பஸ் மாறி வந்து, இந்தக் கார் நிறுத்துற இடத்துல புகைக்குள்ள நின்னுக்கிட்டு, போடுங்க போடுங்கன்னா நான் என்ன பண்றது? உக்காருங்க. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், செவுத்துப் பக்கமா தள்ளிப் போட்டுக்கங்க. இருங்க, வண்டி வருது. சார், சீட்டு எங்க? கண்ணாடியில ஒட்டிக் காட்டினா எனக்கு எப்படித் தெரியும், கையில குடுங்க. என்னை முறைச்சு என்ன ஆகப்போகுது, வீட்டுக்குப் போய் முறைங்க. ம், போகலாம்.

இதான் டீச்சர் இப்ப நம்ம வேலை. பச்சைப் பொத்தானை அமுக்கினா கட்டை மேல போகும், சிவப்பை அமுக்கினா இறங்கும். ஒரு நாளைக்கு நானூறு வண்டி. எவனும் மூஞ்சியைப் பார்க்க மாட்டான்.

குடுங்க அந்தக் காகிதத்தை, இன்னொரு தடவை வாசிக்கிறேன். எழுத்து முத்து முத்தா இருக்கு, ஒரு கால்புள்ளி கூடத் தப்பில்ல, டீச்சர் எழுத்துன்னா சும்மாவா. கடலில் மூழ்கிய எண்ணெய் துளையிடும் ரிக்கில் பணிபுரிந்து உயிர் தப்பிய மிதவைக் கட்டுப்பாட்டாளர் ஆகிய நான். அட, என்னை இதுவரைக்கும் யாரும் ஆகிய போட்டு எழுதினது கிடையாது. என்னுடன் பணிபுரிந்தவருக்கு, அதாவது உங்க தம்பிக்கு, பித்தளைக் கம்பிகளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை என உறுதி கூறுகிறேன். அவ்வளவுதானே? திங்கக்கிழமை மறு விசாரணையில இதை நீட்டணும். நீட்டினா, அறிக்கையில அறுபத்தொண்ணாம் பக்கத்துல ஏழு வருஷமா இருக்கிற அந்த வரியை அடிச்சுடுவாங்க. முப்பத்தோரு பேர் சாவுக்கும் பணியிலிருந்தவரின் கவனக்குறைவே காரணம்னு போட்டிருக்காங்களே, அந்த வரி. எனக்கும் மனப்பாடம்தான்.

உங்க வீட்டுக் கதவுல தார் பூசிட்டுப் போனாங்களாமே. கேள்விப்பட்டேன். செத்தவங்க வீட்டு ஆளுங்க வேற என்ன பண்ணுவாங்க, கடல் மேலயா போய்ப் பூச முடியும்? உங்க தம்பி பொண்டாட்டி வேற கல்யாணம் பண்ணிக்கிட்டு, ஸ்கூல்ல குழந்தைக்கு அப்பா பேரையே மாத்தி எழுதிட்டாங்களாம். விவரமான பொண்ணு. நீங்கதான் இன்னும் பையில அறிக்கையைச் சுமந்துக்கிட்டு அலையுறீங்க. எத்தனை அடிக்கோடு, எத்தனை கலர்ல! பரிட்சைப் பேப்பர் மாதிரி திருத்தி வச்சிருக்கீங்க. அதுக்கு மார்க் போடுறவன் எங்க இருக்கான்?

கோபம் வருதா? வரட்டும். கம்பெனிக்காரன் என்னை வாங்கிட்டான்னுதானே நினைக்கிறீங்க? வாங்கியிருந்தா இப்படி ரெண்டாவது நிலவறையில, ஒரு கூண்டுக்குள்ள, கக்கூஸ் போகணும்னா வாட்ச்மேனைக் கெஞ்சிக்கிட்டு உக்காந்திருப்பேனா? இடது கால்ல மூணு விரல் போச்சு. ரப்பர் படகுல ஆறு மணி நேரம் ஐஸ் மாதிரி தண்ணிக்குள்ள கிடந்து கறுத்துப்போச்சு, வெட்டிட்டாங்க. விரல் இல்லாதவனை எந்த ரிக்லயும் ஏத்த மாட்டான். ஷூவைக் கழட்டிக் காட்டவா? வேணாமா, சரி. நிறைய பேர் பார்க்கணும்னு ஆசைப்படுவாங்க. கம்பெனிக்கும் எனக்கும் இப்ப பேச்சுவார்த்தையே கிடையாது.

முதல்ல அந்த ரிக் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? படம் பார்த்தது போதாது டீச்சர். கடல் நடுவுல கால் ஊனி நிக்குதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது எங்கயும் ஊனலை, மிதக்குது. தண்ணிக்கு அடியில ரெண்டு மிதவை, ஒவ்வொண்ணும் உங்க ஸ்கூல் மைதானத்து நீளம் இருக்கும். அதுக்கு மேல எட்டு தூண். தூணுக்கு மேல ஒரு ஊரே இருக்கும். தொண்ணூறு பேர் தூங்கி, தின்னு, சண்டை போட்டு, துணி காயப் போடுற ஊரு. மிதவைக்குள்ள பதினாறு டேங்க். தண்ணியை உள்ள விட்டா ரிக் இறங்கும், வெளிய இறைச்சா ஏறும். முன்பக்கம் கொஞ்சம் கூடுதலா விட்டுட்டா மூக்கு குத்திக்கும். இத்தனையையும் பார்த்துக்கிறதுக்கு ஒரே ஒரு ரூம், அதுவும் ஒரு தூணுக்குள்ள, மாடிப்படிக்கு அடியில துடைப்பம் போட்டு வைக்கிற இடம் அளவுக்கு. அங்க பன்னண்டு மணி நேரம் நான், பன்னண்டு மணி நேரம் உங்க தம்பி. மேல தொண்ணூறு பேரும் டம்ளர்ல இருக்கிற டீ சிந்தாமக் குடிச்சாங்கன்னா, அது எங்க ரெண்டு பேர் புண்ணியம். எவனும் ஒரு நாள் வந்து நன்றி சொன்னதில்ல.

பாதுகாப்பா? அதைக் கேட்காதீங்க, சிரிப்பு வருது. சாப்பாட்டு ஹால்ல ஒரு பலகை இருக்கும், விபத்து இல்லாம இத்தனை நாள்னு. அந்த வருஷம் நானூத்திப் பன்னண்டுல இருந்துச்சு. சமையக்காரன் விரலை நறுக்கிக்கிட்டான், நுனி தனியா வந்துடுச்சு. விபத்துன்னு எழுதினா பலகையைப் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும். அதனால கீறல்னு எழுதினாங்க. மறுநாள் காலையில நானூத்திப் பதிமூணுன்னு மாட்டி, எல்லாருக்கும் ஆளுக்கொரு கேக் குடுத்தாங்க. அந்த கேக்கையும் அவன்தான் பண்ணினான், கட்டுப் போட்ட கையோட.

எங்களுக்கு ரொம்ப முன்னாடி வேற ஒரு கடல்ல, இதே மாதிரி மிதக்கிற ரிக் ஒண்ணு, ஒரு தூண் ஒடிஞ்சு தலைகீழாக் கவுந்துச்சு. நூத்துக்கு மேல ஆளு செத்தாங்க. ஒடிஞ்ச துண்டைக் கொண்டுவந்து பார்த்தா விரிசலுக்குள்ள பெயிண்ட் இருக்கு. புரியுதா உங்களுக்கு? கட்டும்போதே விரிசல் இருந்திருக்கு, அது மேலயே பூசி அழகு பண்ணி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் விதி போட்டாங்க, தேடித் தேடிப் பார்க்கணும்னு. எல்லா விதியும் இப்படி வந்ததுதான். நம்ம ரிக் போனதுக்கப்புறம் வந்த விதி என்ன தெரியுமா? அந்த ரூம்ல உக்கார்ற ஒவ்வொருத்தனும் பித்தளைக் கம்பியைக் கையில பிடிச்சு, திருகிக் காட்டி, பாஸ் பண்ணினாத்தான் வேலை. உங்க தம்பிக்கு யாரும் சிலை வைக்கலை, பரிட்சை வச்சிருக்காங்க. ஏன் அழறீங்க? டீச்சர் தம்பிக்குப் பொருத்தமான மரியாதைதானே. சரி சரி, விடுங்க, என் வாய் அப்படி.

இருங்க. லாரி உள்ள வர முடியாது தம்பி, தலை இடிக்கும், பலகையில எழுதியிருக்கே. படிக்கத் தெரியாதா? பின்னாடி எடு. இன்னும் எடு. சொன்னா கேட்கிறானா பாருங்க, இடிச்சுட்டு வந்து என்கிட்ட அழுவான்.

எதுல விட்டேன்? கம்பி. டேங்குக்குத் தண்ணி விடுற வால்வைத் திறக்க மூட எல்லாத்துக்கும் பேனல்ல பொத்தான் இருக்கும். பேனல் செத்துப்போச்சுன்னா கையால செய்யறதுக்குன்னு வால்வுக்கு ஒண்ணா பதினாறு பித்தளைக் கம்பி, சாண் நீளம், ஒரு மரப்பெட்டியில கிடக்கும். பேனலுக்கு அடியில வரிசையா ஓட்டை. ஓட்டையில விட்டு உள்ள திருகணும். இப்ப நீங்க சொல்லுங்க, திருகி இறுக்கினா என்ன ஆகும்? உங்க வீட்டுக் குழாயை இறுக்கித் திருகினா? மூடும். ஊறுகாய் பாட்டில்? மூடும். கேஸ்? மூடும். உலகத்துல எதை இறுக்கினாலும் மூடும், அது ஒண்ணு மட்டும் உள்ள திருகினா திறக்கும். செஞ்சவன் கிறுக்கன். எந்தப் புத்தகத்துலயும் எழுதலை, கம்பெனிக்காரன் ஒரு வார்த்தை சொல்லலை. அதை நான் எங்க வேணா சொல்லுவேன்.

அப்போ போடுங்கன்னு மறுபடியும் பேனாவை எடுக்காதீங்க. பேசிக்கிட்டுதானே இருக்கேன்.

அன்னைக்குக் காலையில பத்து மணிக்கெல்லாம் புயல். அலை ஒவ்வொண்ணும் மூணு மாடி உயரம். அதனால ஒண்ணும் ஆகலை, ரிக் தாங்கும், அதுக்குத்தானே கட்டியிருக்கான். அந்த ரூமுக்கு மேல தீயணைக்கிற தண்ணிக் குழாய் ஒண்ணு போகும். அறிக்கையில நீங்களும் படிச்சிருப்பீங்க, ஆட்டத்துல அதோட மூட்டு விட்டுப்போச்சு. கடல் தண்ணி கொட்டோ கொட்டுன்னு பேனல் மேல. லைட்டெல்லாம் சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சைன்னு பைத்தியம் பிடிச்ச மாதிரி. ரெண்டு வால்வு தானாத் திறந்துக்கிச்சு. எங்களுக்கு மேல ஒரு இன்ஜினியர் இருந்தார், அவர் ஓடிவந்து கரண்ட்டை நிறுத்தினார். ரொம்பச் சரி. கரண்ட் போனா வால்வு எல்லாம் தானா மூடிக்கும். அதோட கதை முடிஞ்சுது டீச்சர். ஒரு டீயைப் போட்டுக் குடிச்சுக்கிட்டு, கையைக் கட்டி உக்காந்திருந்தா போதும். தொண்ணூறு பேரும் வீட்டுக்கு வந்திருப்பாங்க.

ஆனா உங்க தம்பி கையைக் கட்டி உக்கார்ற ஆளா? லைட் எதுவும் எரியலை, எது திறந்திருக்கு எது மூடியிருக்குன்னு கண்ணுக்குத் தெரியலை. மூடியிருக்கும்னு நம்பிச் சும்மா இருக்க அவனுக்கு மனசு வரலை. மரப்பெட்டியைத் திறந்தான். மூடுறதா நினைச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா, நிதானமா, நல்லா இறுக்கித் திறந்து விட்டிருக்கான். அப்புறமா முக்குளிச்சுப் பார்த்தவங்க என்ன சொன்னாங்க? பதினாறுல பதினாறும் கடைசிப் புரி வரைக்கும் உள்ள போயிருந்துச்சுன்னாங்க. அறிக்கையில கவனக்குறைவுன்னு போட்டது அபாண்டம். அந்த மாதிரி கவனமா வேலை செய்யற ஆளை நான் பார்த்ததில்ல. கவனமாச் செஞ்சுதான் முப்பத்தோரு பேரைக் கொன்னான். சோம்பேறியா இருந்திருந்தா இன்னைக்கு நீங்க அவனுக்கு வாய்க்கு ருசியாச் சமைச்சுப் போட்டுக்கிட்டு இருப்பீங்க.

சும்மா சொல்லக் கூடாது, பையன் அப்படித்தான். நீலக் கலர் அட்டை போட்ட நோட்டு ஒண்ணு வச்சிருப்பான், அக்கா வாங்கிக் குடுத்ததுன்னு பெருமை வேற. அதுல எழுதாத விஷயமே கிடையாது. அண்ணே இது எதுக்கு, அண்ணே அது எதுக்கு. நான் கக்கூஸ்ல இருந்தாலும் வெளிய நின்னு கேட்பான். எனக்கு யார் சொல்லிக் குடுத்தா? எனக்கு மேல இருந்தவன் தப்பாத் தொட்டா ஸ்பானராலயே விரல்ல போடுவான். அப்படி வாங்கி வாங்கிக் கத்துக்கிட்டவன் நான், பதினோரு வருஷம். இவன் எட்டு மாசத்துல பேனாவால எழுதியே எல்லாத்தையும் பிடிச்சுட்டான்.

ஒரு நாள் இன்ஜினியர் ரூமுக்கு வந்திருந்தார். எந்த டேங்க்ல எவ்வளவு தண்ணி விடணும்னு நான் கணக்குப் போட்டு நீட்டினேன். உங்க தம்பி எட்டிப் பார்த்தான். அண்ணே, ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சுண்ணேன்னான். மெதுவாத்தான் சொன்னான், பணிவாத்தான் சொன்னான், அதான் இன்னும் மோசம். இன்ஜினியர் பார்த்தார். சிரிச்சார். இனிமே கணக்கைத் தம்பி போடட்டும், நீங்க டீ போடுங்கன்னார். நானும் சேர்ந்து சிரிச்சேன் டீச்சர். சிரிச்சுக்கிட்டே உள்ளுக்குள்ள எரிஞ்சேன். பொறாமைதான், அதுக்கு வேற நல்ல பேர் வைக்க எனக்குத் தெரியலை. அந்த இன்ஜினியர் முன்னாடி இவன் ஒரே ஒரு தடவை அசிங்கப்பட்டாப் போதும்னு இருந்துச்சு.

எனக்குக் கம்பியைப் பத்தி எப்படித் தெரியும்னா? அப்பாடா, இப்பத்தான் கேட்கிறீங்க. இத்தனை நேரம் அழுததுல விட்டுட்டீங்க. உங்க தம்பி வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை ரிக்கைப் பழுது பார்க்கக் கரைக்கு இழுத்துட்டு வந்தப்போ, பேனலைக் கழட்டின ஃபிட்டர் ஒருத்தன் சொன்னான். உள்ள திருகினா திறக்கும், மறந்துடாதேன்னான். மறக்கலை. விசாரணையில எனக்கும் தெரியாதுன்னு சொன்னேன், ஆமா. மேசைக்கு அந்தப் பக்கம் அஞ்சு பேர் கோட்டு போட்டு உக்காந்துக்கிட்டுக் கேட்டா, தெரியும்னு சொல்ல நான் என்ன முட்டாளா? தெரியும்னா, ஏன் அவனுக்குச் சொல்லலைன்னு அடுத்த கேள்வி வரும்.

சொல்லாம விட்டுட்டீங்களேன்னு கத்தாதீங்க. வண்டிக்காரங்க பார்க்கிறாங்க. அதுவும் நீங்க சொல்றது தப்பு. காகிதத்தை இங்க குடுங்க, எங்க இடிக்குதுன்னு காட்டுறேன். இதோ, யாரும் சொல்லித் தரவில்லை. இந்த யாரும்கிற வார்த்தைதான். கம்பெனி சொல்லித் தரலைன்னு எழுதிக் கொண்டு வாங்க, ரெண்டு கையெழுத்தா போடுறேன். யாரும்னு எழுதினா அது பொய் டீச்சர். அவன் கேட்டான். பூஜ்யம் விட்டுப்போன அன்னைக்குச் சாயங்காலமே நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்து, அண்ணே, இந்தக் கம்பியை உள்ள திருகினா என்னண்ணே ஆகும்னு கேட்டான்.

மூடும்னு சொன்னேன்.

சும்மாதான் சொன்னேன். மாசக் கடைசியில பயிற்சி இருக்கும், இன்ஜினியர் நின்னு பார்ப்பார், அப்போ தப்பாச் சொல்லி அசிங்கப்படட்டும்னுதான். அவன் எழுதிக்கிட்டான். எழுதினதைத் திரும்ப வாசிச்சும் காட்டினான். உள்ளே திருகினால் மூடும், சரிதானேண்ணே? சரிதான்னேன். பயிற்சிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்துச்சு, அதுக்குள்ள புயல் வரும்னு எனக்கு ஜோசியமா தெரியும்?

எங்க எழுந்திருக்கிறீங்க? உக்காருங்க. திங்கக்கிழமை போய் இதைச் சொல்லப் போறீங்களா? தாராளமாச் சொல்லுங்க. அந்த அம்மா ஏழு வருஷமா புத்தி கலங்கி அலையுது, நான் அப்படிப் பேசவே இல்லைன்னு சொல்லிடுவேன். நோட்டு கடலுக்கடியில கஞ்சியாப் போயிருக்கும். இன்ஜினியரும் போயிட்டார். இந்த மாதிரி நிலவறையில போன்ல பதிவு பண்ணினா இரைச்சல்தான் கேட்கும், அதையும் சொல்லிடுறேன்.

இல்ல டீச்சர், என்னைப் பத்தி அவ்வளவு கேவலமா நினைக்காதீங்க. சொல்லத்தான் போனேன். புயல் அன்னைக்கு ராத்திரி டூட்டி முடிச்சுட்டுப் படுத்திருந்தேன், மணி அடிச்சதும் எல்லாரும் படகுக்கு ஓடினாங்க. நான் ஓடலை. சாயுற படியில, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, கீழ அந்த ரூமுக்குத்தான் இறங்கினேன். என்ன நடக்குதுன்னு சாயுற பக்கத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிடுச்சு. அப்பவும் நேரம் இருந்துச்சு. எல்லாத்தையும் வெளிய திருகுடான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ரெண்டு நிமிஷ வேலை, ரிக் நின்னிருக்கும். கதவு திறந்திருந்துச்சு. உங்க தம்பி தண்ணியில மண்டி போட்டு உக்காந்திருந்தான், கையெல்லாம் ரத்தம், அவ்வளவு இறுக்கியிருக்கான். என்னைப் பார்த்ததும் அவனுக்கு மூஞ்சியே மாறிப்போச்சு, உசுரு வந்த மாதிரி. அண்ணே வந்துட்டீங்களா, பதினாலு திருகிட்டேண்ணே, ரெண்டுதான் பாக்கி, ஆனா இன்னும் சாயுதேண்ணேன்னான்.

வாயைத் திறந்தேன் டீச்சர், சத்தியமா திறந்தேன். ஆனா இன்ஜினியர் டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு அவன் பக்கத்துலயே நிக்கிறார். அவரும் என் மூஞ்சியைத்தான் பார்க்கிறார். அந்த மனுஷன் முன்னாடி, தம்பி, நான் உனக்குப் பொய் சொல்லிக் குடுத்தேன்டான்னு எப்படிச் சொல்றது? மிச்ச ரெண்டையும் திருகுடான்னு சொல்லிட்டு மேல ஏறிட்டேன்.